மந்திரிக்காத மூலை

காலை ஆறரைக்கு நீர்வண்டி வந்து புன்னைத்துறைத் தெருக்களைக் கழுவிவிட்டுப் போகும். தெரு என்றால் மண் தெரு இல்லை, நிலப்போர்வை. ரப்பரிலும் சேராமல் சிமெண்டிலும் சேராமல், வீட்டுப்படி முதல் கடற்கரை வரை சாம்பல் நிறத்தில் ஒரே விரிப்பு. கல்லறைக் காவல்காரி வியாகுலம் அதன்மேல் நடந்து வந்து, கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவருகே செருப்பைக் கழற்றிப் போடுவாள். ஊரில் காலில் மண் ஒட்டுகிற இடம் அது ஒன்றுதான். வேலைக்குப் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் உள்ளே வந்து வெறுங்காலோடு சும்மா நின்றுவிட்டுப் போவார்கள். ஜெபம் பண்ணினீர்களா என்று கேட்டால் ஆமாம் என்று கூசாமல் பொய் சொல்வார்கள்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் புழுதிப் புயல்கள் ஊர் ஊராக மூடத் தொடங்கியபோது அரசாங்கம் இந்தப் போர்வையைப் போட்டது. புயல் அடங்கியது. அரிசியும் காய்கறியும் கோபுரப் பண்ணைகளில் விளைந்தன. புல், பூச்சி, குருவி எல்லாம் போயே போய்விட்டன. செத்தவர்கள்மேல் போர்வையை விரிக்க மட்டும் எந்த அதிகாரிக்கும் கை வரவில்லை. தும்பையும் நாயுருவியும் கொசுத்தேனீயும் கல்லறைகளுக்குள் ஒண்டிப் பிழைத்தது அப்படித்தான்.

அந்தச் சலுகைக்கும் இப்போது முடிவு வந்துவிட்டது. புதுச் சட்டப்படி நூறு வகை உயிர் வாழ்கிற நிலத்துக்கு ‘உயிர்நிலம்’ என்று பெயராம்; அதை யாரும் தொட முடியாது. நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும் போர்வைதான், கல்லறையோ காடோ. புன்னைத்துறைக்கு அளவெடுக்க அவர்கள் குறித்த நாள் நவம்பர் மூன்று. நாள் பார்த்தார்கள் பாருங்கள், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்!

கல்லறைத் திருநாளன்று ஊரே மண்வெட்டியோடு வந்து இறங்கும். அவரவர் வீட்டுக் கல்லறையில் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றும். இந்த ஒரு வருஷம் யாரும் புல்லில் கை வைக்காதீர்கள் என்று வியாகுலம் ஒரு மாதமாக வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். பங்குச்சாமி மூன்று ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் ஆட்களை யார் மிஞ்ச முடியும்?

நடந்தது என்னவென்றால், மற்றவர்கள் எல்லாம் விட்டுவைப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கல்லறையை மட்டும் சுத்தம் செய்தார்கள். வியாகுலம் ஒருத்தர் கையைப் பிடிப்பதற்குள் இரண்டு பேர் குனிந்துவிட்டார்கள். படகு மெக்கானிக் கஸ்பாரிடம் அவள் சண்டையே போட்டாள். அவன் அசையவில்லை.

“எங்க அய்யா தலமாட்டுல குப்பமேனி மொளச்சுக் கெடந்தா ஊரு என்ன பேசும்?” என்றான்.

ஊர் என்ன பேசுமோ தெரியாது, சாயங்காலத்துக்குள் முந்நூறு கல்லறையும் சவரம் பண்ணிய முகம்போல் பளபளத்தன. வியாகுலம் கதவருகே உட்கார்ந்து வயிறெரிந்து அழுதாள்.

மறுநாள் காலை உயிர் அளவர் கோமகள் வந்தாள். நல்ல பெண், சிரித்த முகம். கையில் உயிர்மானி என்கிற கருவி. ஊன்றுகோல் மாதிரி மண்ணில் குத்தினால் வேரையும் புழுவையும் இலையையும் மோப்பம் பிடித்து வகை எண்ணிச் சொல்லும். தோட்டம் முழுக்கக் குத்திப் பார்த்ததில் முப்பத்தொன்றுக்குமேல் அது நகரவில்லை. பின்னால் கூடி நின்ற ஊர், நகத்தில் சுண்ணாம்போடு தலையைக் குனிந்துகொண்டது.

கோமகள் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு வடமூலையைக் காட்டினாள். அந்தக் குட்டைச் சுவருக்கு அப்பாலும் கல்லறைத் தோட்டம்தானே, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஊர் அந்தப் பக்கம் பார்க்காமல் நகத்துச் சுண்ணாம்பைச் சுரண்டியது.

அது மந்திரிக்காத மூலை, எந்தச் சாமியாரும் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்காத இடம். தற்கொலை செய்துகொண்டவர்களையும் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளையும் புதைத்த இடம். திருச்சபை என்றைக்கோ கைவிட்ட வழக்கம் அது, புன்னைத்துறை மட்டும் விடவில்லை. அங்கே சிலுவை கிடையாது, பெயர் கிடையாது, கோயில் ஏட்டில் பதிவும் கிடையாது; அதனால் அளவுக் கணக்கில் அதுவும் சேரும் என்று வியாகுலத்துக்குக்கூடத் தோன்றியதில்லை. அந்தச் சுவரைக் கட்டியது கஸ்பாரின் அய்யா. முப்பது வருஷத்துக்கு முன்னால் தூக்கில் தொங்கிய வியாகுலத்தின் அண்ணன் ராயப்பனும் அங்கேதான் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒருநாளும் சுவர் தாண்டியதில்லை; தினமும் குடத்தில் மிஞ்சிய தண்ணீரை இந்தப் பக்கம் நின்றே வீசிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

இன்றைக்குப் பயந்தால் அண்ணன்மேலும் போர்வைதான். வியாகுலம் எழுந்தாள்.

“எங்கண்ணன் அங்கதான் கெடக்கான். வாங்க, காட்டுதேன்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டிக் குதித்தாள். இடுப்பளவு பச்சை. வேலைவெட்டி இல்லாத தும்பை, நெருஞ்சி, கீழாநெல்லி, பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. காலடியில் அரணை ஓடியது. எருக்கம்பூவில் வண்டு. தலைக்குமேல் ஏதோ குருவி கோபமாகத் திட்டியது. ராயப்பனைப் புதைத்த பிறகு முப்பது வருஷம் ஊர் ஒதுக்கிய இடத்தில் ஒரு மண்வெட்டியும் விழவில்லை.

கோமகள் உயிர்மானியை ஊன்றினாள். ஐம்பது, எழுபது, தொண்ணூற்றிரண்டு என்று எண் ஏறிக்கொண்டே போனது. ஊர் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டே கூடச் சேர்ந்து எண்ணியது. நூறு என்றபோது யாரோ விசிலடித்தார்கள், யாரோ கோயில் மணியைப் போய் இழுத்தார்கள். எண் நிற்கவில்லை. நூற்று நாற்பத்தேழில்தான் வந்து நின்றது. ஒரு மூலை மொத்தத் தோட்டத்தையும் காப்பாற்றிவிட்டது!

பங்குச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீர்த்தம் கொண்டுவரச் சொல்லட்டுமா, இப்போதே இந்த மூலையையும் மந்திரித்துவிடுகிறேன் என்றார்.

“வேண்டாஞ் சாமி,” என்றாள் வியாகுலம். “மந்திரிச்சா அடுத்த வருசம் இங்கயும் மம்பட்டியோட வந்துருவாவ.”

ஊர் வெட்கமும் சிரிப்புமாக நெளிந்தது. சாமிதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். தீர்த்தம் இல்லாமலே மண்டியிட்டு, அந்த மூலையில் இருந்தவர்களுக்காக ஒரு ஜெபம் சொன்னார். ஊரும் அவரோடு சேர்ந்து சொன்னது.

கடைசியில் கோமகள், உயிர்நிலத்துக்கு ஒரு பெயர் வேண்டும், ஏட்டிலும் கதவுப் பலகையிலும் எழுதவேண்டும் என்றாள். பங்குச்சாமி புனிதர் யாரையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கஸ்பார் முன்னால் வந்தான்.

“ராயப்பன் நெலம்னு எழுதுங்க.”

கோமகள் எழுதிக்கொண்டே, ராயப்பன் என்பது யார், புனிதரா என்று கேட்டாள்.

“இல்ல,” என்றான் கஸ்பார், தன் அய்யா கட்டிய சுவரின் மேல்கல்லைப் பெயர்த்துக் கீழே போட்டபடி. “இந்த அக்காவோட அண்ணன்.”