மூன்று தட்டு, பிறகு ஒன்று

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அழுகை மட்டும் கேட்டது.

ராத்திரி ஆயா சமையலறையில் பால் புட்டிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் சாய்த்து வைத்திருந்த பேபி மானிட்டரின் சின்னத் திரையில் தொட்டில் தெரிந்தது. அதற்குள் ஐந்து மாதப் பயல் கையைக் காலை விரித்துப் போட்டு, ஊரையே எழுதி வாங்கியவன் மாதிரித் தூங்கினான். ஆனால் அதே மானிட்டரிலிருந்து வீல் வீலென்று ஓர் அழுகை வந்தது, நின்றது, முடிவில் இரண்டு முறை விக்கியது. இடுக்கி அவள் கையை விட்டு நழுவி வெந்நீரில் விழுந்தது.

பக்கத்து வீட்டு மானிட்டரின் சத்தம் இதில் கலந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம்தான். ஆனால் அழுது முடித்ததும் சரியாக இரண்டு முறை விக்கும் குழந்தையை அவள் ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் இப்போது குழந்தை இல்லை.

அவள் தொழிலில் அவளுக்கு நல்ல பெயர். எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரியையும் மடியில் போட்டு, முதுகில் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னும் ஒன்று தட்டினால் போதும், விடியும் வரை அசையாது என்று தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்கள். தட்டுவதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் பையின் அடியில், மாற்றுத் துணிக்குள் சுற்றியிருந்த ஆரஞ்சு வாசனை இருமல் மருந்தை யாரும் பார்த்ததில்லை. எப்போதும் சில துளிகள்தான். அந்த வீட்டில் மட்டும், எட்டாவது தடவை விழித்து அழுத அந்தக் குழந்தையிடம், "தூங்கித் தொலையேன் சனியனே" என்று பல்லைக் கடித்தபடி அளவு பார்க்காமல் மருந்தைப் பாலில் சாய்த்துவிட்டாள். காலையில் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. தூக்கத்திலேயே போய்விட்டது, சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். பெற்றவள் இவள் தோளில்தான் சாய்ந்து அழுதாள். இவளும் கூடவே அழுதாள். அழுதபடியே புட்டியையும் கழுவி வைத்துவிட்டாள்.

பயல் நிஜமாகவே விழித்தது பன்னிரண்டரைக்கு. பிறகு ஒன்றேகாலுக்கு. பிறகு இரண்டுக்கு. பால் வேண்டாம், துணியும் நனையவில்லை. அவள் மடியில் கிடந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து அழுதான். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரும், அதில் அவள் நிழலும்தான் இருந்தன.

மூன்றாவது தடவை அவன் அழுதபோது கதவைத் திறந்துகொண்டு குழந்தையின் அம்மா வந்தாள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். பிள்ளை பெற்ற விடுப்பு முடிந்து காலையில் முதல் நாள் வேலை. புருஷன் கப்பலில்.

"என்னக்கா, கொஞ்சங்கூட தூங்கலையா இவன்?"

"பல்லு வரப் போகுதும்மா. அதான் படுத்துறான்."

"உங்ககிட்ட வந்தா எந்தக் குழந்தையும் தூங்கிடும்னு சொன்னாங்க. அஞ்சரைக்கு நான் வண்டி எடுக்கணும்கா. நான் கண்ணு அசந்தா நாப்பது பேரு உசுரு போயிடும்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கும் இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் பாக்கணும்."

ஆயாவுக்குச் சுருக்கென்றது. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை.

"நீ போய்ப் படும்மா. உன் ரூம்ல இருக்கிற மானிட்டரை நான் அமத்திடுறேன். கதவைச் சாத்திட்டு, காதுல பஞ்சு வச்சுக்கோ. இங்க இடியே விழுந்தாலும் எந்திரிக்காத."

எல்லா வீட்டிலும் அவள் செய்வதுதான். அம்மாவின் அறைக்குப் போய் மானிட்டரை அணைத்தாள். வெளியே வந்து கதவு அழுத்திச் சாத்தப்படும் வரை நின்று பார்த்தாள். பிறகு பையைத் திறந்தாள்.

"என் பேரையா கெடுக்குற? இன்னைக்கு நீயா நானான்னு பாத்துடலாம்டா."

துளிகள் பாலில் விழுந்து கரைந்தன. கோபத்தில் எண்ணிக்கை தப்பியது. ஆரஞ்சு வாசனை அறையெல்லாம் பரவியது. புட்டியை நீட்டினாள். பயல் உதட்டை இறுக மூடிக்கொண்டான். கன்னத்தை அழுத்தினாள், மூக்கைத் தடவினாள், கெஞ்சினாள், அதட்டினாள். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. "இருடி, இரு" என்று பழைய வீட்டுப் பெண் குழந்தையிடம் சொல்வது போல அவள் வாய் தானாகச் சொன்னது. சொன்னபின்தான் காதில் விழுந்தது.

அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு, புட்டியைப் பக்கத்து மேசையில் வைத்தாள். சமையலறையிலிருந்து மானிட்டரை எடுத்து வந்து மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பிளாஸ்க்கைத் திறந்து, மிச்சமிருந்த டீயை மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தாள்.

தித்தித்தது.

அவள் சர்க்கரை நோயாளி. டீயில் சர்க்கரை போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. நாக்கின் அடியில் ஆரஞ்சு.

மேசையைப் பார்த்தாள். புட்டி காலி. அவள் பையில் இருந்த மருந்து பாட்டில் அதன் பக்கத்தில் நின்றது. அதுவும் காலி.

எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் கேட்கவில்லை. கை நாற்காலியின் பிடியிலேயே கிடந்தது, யாருடைய கையோ மாதிரி. நாக்கு தடித்தது. அம்மாவைக் கூப்பிட வேண்டும். இரண்டு சுவர் தாண்டினால் அம்மா. காதில் பஞ்சு. சாத்திய கதவு. அணைத்த மானிட்டர்.

வாயைத் திறந்தாள். ஒரு முனகல்தான் வந்தது. பசித்த குழந்தையின் முனகல் போல.

தொட்டிலில் பயல் அழவில்லை. கம்பிகளின் இடைவெளியில் முகத்தை வைத்து, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான்.

காதருகே ஒரு விக்கல்.

இன்னொன்று.

சில்லிட்ட சின்னக் கை ஒன்று அவள் முதுகில் பட்டது. மெதுவாக. பழகிய கை போல.

மூன்று தட்டு.

"வேணாம்டி" என்று சொல்ல நினைத்தாள். "தெரியாம செஞ்சுட்டேன்" என்று சொல்ல நினைத்தாள். பொய்யென்று அவளுக்கே தெரிந்தது.

மடியில் கிடந்த மானிட்டரின் திரை மட்டும் ஒளிர்ந்தது. அதில் தொட்டில் தெரிந்தது. பயல் நிம்மதியாகப் புரண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் தலை தொங்கிய ஒரு பெண். அவள் தோளைக் கட்டிக்கொண்டு தொங்கிய ஏதோ ஒன்று, மிகச் சிறியது, கையை மறுபடி ஓங்கியது.

பிறகு ஒன்று.