ஏழு பட்டன் வைத்த கை

பினு சார் கரும்பலகையில் 'மூணாறு' என்று பெரிதாக எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டார். வகுப்பே கைதட்டியது.

"வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சு மணிக்கு பஸ் புறப்படும். அவிடே மூணாறில் நல்ல குளிராக்கும். ஸ்வெட்டர் இல்லாத ஆள் பஸ்ஸில் ஏற வேண்டாம், கேட்டோ?" என்றார் சார்.

"சார், அனந்தலக்ஷ்மி வருவாளா?" என்று அபின் கேட்டான்.

சார் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "இல்லடா. அவ அம்மா போன் பண்ணினாங்க. கையில் பிளாஸ்டர் இருக்கே, ஸ்வெட்டர் போட முடியலையாம். குளிரில் அப்படி அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாங்க. கஷ்டம்தான்."

மூன்றாவது பெஞ்சில் பொன்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்து நாட்களுக்கு முன்னால் மைதானத்தில் கோ-கோ விளையாடினார்கள். உட்கார்ந்திருந்த அனந்தலக்ஷ்மியின் முதுகில் தட்டி, "கோ!" என்று கத்தியது பொன்செல்விதான். ஜெயிக்கிற வேகத்தில் அந்தத் தட்டு கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. அனந்தலக்ஷ்மி எழுந்த வேகத்தில் முன்னால் சாய்ந்து, இடது கையை ஊன்றி விழுந்தாள். கை முறிந்துவிட்டது.

யாரும் பொன்செல்வியைத் திட்டவில்லை. விளையாட்டில் இதெல்லாம் சகஜம் என்றார்கள். ஆனால் அவளுக்குத் தன் உள்ளங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது. கரமனையில் அனந்தலக்ஷ்மியின் வீடு இரண்டே தெரு தள்ளித்தான். அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பொன்செல்வி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள். அவளுடைய அப்பா வன்னியராஜ், சாலை பஜார் என்ற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். ஒரு துணிக்கட்டு விற்று முடியும்போது மிஞ்சிய துண்டு அது. கனமான பனியன் துணி. மாம்பழ மஞ்சள். அம்மா அதைக் கால்மிதியாகத் தைக்கலாம் என்று வைத்திருந்தாள்.

பொன்செல்வி துணியைப் பிடித்து இழுத்தாள். அது நீண்டது. விட்டாள். பழையபடி சுருங்கிக்கொண்டது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

ஸ்வெட்டரைத் தலைவழியாகப் போடுவதுதானே கஷ்டம்? முன்பக்கம் முழுக்கத் திறந்திருந்தால்? கார்டிகன் மாதிரி?

ஐந்தரை மணிக்கு அம்மா பூமாரி வந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. செருப்பைக் கழற்றுவதற்குள் பொன்செல்வி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"கார்டிகனா? எனக்குத் தலகாணி உறையும் ஜாக்கெட்டும்தாம்ட்டி தைக்கத் தெரியும். இது ரப்பர் மாதிரில்லா இழுக்கு."

"நான் தைக்கேம்மா. நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

அம்மா துணியை எடுத்து விரித்தாள். "சரி, அளவு?"

பொன்செல்விக்குத் திக்கென்றது. அளவு எடுக்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும்.

*

கதவைத் திறந்தது அனந்தலக்ஷ்மியின் அம்மா நாகலக்ஷ்மி. "பொன்செல்வியா? உள்ளே வா."

அனந்தலக்ஷ்மி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கை முழங்கையில் மடங்கி, வெள்ளை வெளேரென்று பிளாஸ்டருக்குள் இருந்தது. கழுத்திலிருந்து ஒரு பட்டையில் தொங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொன்செல்வி அறை வாசற்படியிலேயே நின்றாள். "நான்தான் ரொம்பப் பலமாத் தள்ளிட்டேன். வேணும்னு செய்யல. என்ன மன்னிச்சுக்கோ."

"அது எனக்குத் தெரியாதா? கோ-கோல மெள்ளத் தட்டினா யாருடி ஜெயிப்பா?"

"அப்புறம் ஏன் மூஞ்சியத் திருப்புத?"

"பத்து நாளா வரலையோன்னோ, அதுக்கு! அபின்கூட வந்தான். பாதி பிஸ்கட்டை அவனே தின்னுட்டுப் போனான். ஆனாலும் வந்தான்!"

பொன்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"ஸ்வெட்டர் போட்டுப் பாத்தியா?"

"அதை ஏன் கேக்கறே! அப்பா தலைவழியா மாட்டினார். தலை உள்ளே போயிடுத்து, கை போகலை. வெளியிலயும் வரலை. உள்ளேருந்து நான் கத்தறேன், வெளியிலேருந்து அம்மா கத்தறா. பக்கத்தாத்து மாமா திருடன் வந்துட்டான்னு கம்பை எடுத்துண்டு ஓடி வந்துட்டார்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அனந்தலக்ஷ்மி மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர் போகலாம்னுட்டார். அம்மாதான் பயப்படறா."

"நான் உனக்கு ஒரு கார்டிகன் தைக்கப் போறேன்."

"நீயா?"

"நான்தான்."

பொன்செல்வி டேப்பை எடுத்து பிளாஸ்டரைச் சுற்றி அளந்தாள். மற்ற கையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. அளவுச் சட்டையாக அனந்தலக்ஷ்மியின் தொளதொளப்பான முழுக்கை டீ-ஷர்ட் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாகலக்ஷ்மி மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "குழந்தே, நீ மெனக்கெடறே, சந்தோஷம். ஆனா சரியா வரலேன்னா நான் அனுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை மாலை பொன்செல்வி பழைய செய்தித்தாளில் டீ-ஷர்ட்டை விரித்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்தாள். தையலுக்காக ஒரு விரல் அகலம் கூட விட்டாள். முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு. கச்சிதமாக வெட்டிவிட்டாள்.

கைகளை வெட்டும்போதுதான் தப்பு நடந்தது. துணி மிச்சமாகட்டும் என்று தாளைக் குறுக்கே திருப்பி வைத்தாள். துணியை இரண்டாக மடித்து, இரண்டு கைகளையும் ஒரே வெட்டில் வெட்டினாள். பிறகு ஒன்றைத் தன் கையில் சுற்றிப் பார்த்தாள். நீட்டவாக்கில் இழுத்தால் ஜவ்வுமிட்டாய் மாதிரி நீண்டது. அகலத்தில் இழுத்தால் அசையவே இல்லை. முழங்கையை மடக்கினால் இறுக்கிப் பிடித்தது.

"இந்தத் துணி ஒரு பக்கம்தான் நல்லா இழுக்குதும்மா! அந்தப் பக்கம் கையைச் சுத்தி வரணும். நான் மாத்தி வெட்டிட்டேன்!"

அம்மா மிச்சத் துணியை விரித்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு கைக்குத்தாம்ட்டி துணி இருக்கு."

ஒரு கை! பொன்செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் முட்டியது. போதாக்குறைக்கு, தைத்துப் பார்த்த துண்டில் தையலும் நிற்கவில்லை. இரண்டு தையல் விழுந்தால் மூன்றாவது விடுபட்டது.

அப்பா வேலை முடிந்து வந்தார். தையலைத் தூக்கிப் பார்த்தார். "பருத்தித் துணி ஊசியில பனியன் துணி தச்சா இப்படித்தான். முனை உருண்டையா ஒரு ஊசி உண்டு. எங்க கடைக்கு எதிர்த்தாப்புல கிடைக்கும். நாளைக்கு வாங்கிட்டு வாரேன்."

"ஊசி வந்துரும். கைக்கு என்னப்பா பண்ண?"

அப்பா துணியை மடித்து வைத்தார். "முதல்ல சாப்பிடு" என்றார்.

*

புதன்கிழமை கணக்கு வகுப்பில் பொன்செல்வி நோட்டின் ஓரத்தில் கை கையாக வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று பென்சில் நின்றது.

வலது கைதான் மடங்கி நிமிரும். அது இழுபட வேண்டும். மிச்சமிருக்கிற துணியில் அதைச் சரியாக வெட்டிவிடலாம். இடது கை? அது பிளாஸ்டருக்குள் அசையாமல் இருக்கிறது. அதற்கு இழுபடுகிற துணி எதற்கு? அகலமாக இருந்தால் போதுமே!

அன்று மாலை அம்மா படியேறும்போதே பொன்செல்வி கத்தினாள்: "அம்மா! தப்பா வெட்டின ரெண்டு கையையும் சேர்த்தா, சரியான ஒரு கை வந்துரும்!"

"என்னட்டி உளறுத?"

பொன்செல்வி தப்பாக வெட்டிய இரண்டு துண்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு தையல். மேல்பக்கம் தைக்கவே வேண்டாம். கழுத்தில் தொடங்கி, தோள் வழியாக மணிக்கட்டு வரை அப்படியே திறந்திருக்கட்டும். கையை உள்ளே நுழைக்கவே வேண்டாம். அடியில் கொடுத்து, மேலே பட்டன் போட்டு மூடிவிடலாம்.

அம்மா இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்து ஒட்டிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "உக்காரு மிஷின்ல."

அப்பா வாங்கி வந்த ஊசி டக்டக்கென்று வேலை செய்தது. ஒரு தையல்கூட விடுபடவில்லை. ஆனால் முன்பக்க ஓரத்தைத் தைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தபோது, அது பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து வளைந்து நின்றது.

"நீ பின்னால பிடிச்சு இழுக்கல்லா? அதான் நெளியுது" என்றாள் அம்மா.

பொன்செல்வி ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. மறுபடியும் ஓட்டினாள். இந்த முறை துணியை இழுக்கவே இல்லை. விரலால் வழிகாட்டிவிட்டு, மிஷின் எடுத்துக்கொள்கிற வேகத்திலேயே போகவிட்டாள். ஓரம் நேராக வந்தது. அந்த ஓரத்தின் உள்பக்கம் ஒரு பழைய வெள்ளை வேட்டியின் பட்டையையும் வைத்துத் தைத்தாள். பட்டன் போடுகிற இடம் தொங்கிப்போகாமல் இருக்க வேண்டுமே!

வியாழக்கிழமை மாலை கைகள் ஏறின. பட்டன் துளைகளுக்கு அம்மா கையாலேயே காஜா எடுத்தாள். பொன்செல்வி டப்பாவைக் கவிழ்த்துப் பெரிய பட்டன்களாகப் பொறுக்கினாள். ஒரே மாதிரி ஏழு கிடைக்கவில்லை. சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு, கறுப்பு இரண்டு, மரத்தில் செய்தது ஒன்று. இடது கைக்கு அந்த ஏழு பட்டன்களையும் வரிசையாகத் தைத்தாள். முன்பக்கத்துக்கு ஐந்து வெள்ளைப் பட்டன்கள்.

"கோமாளிச் சட்டை மாதிரி இருக்கோ?" என்று கேட்டாள்.

"மதி, மதி, இதே போதும். மணி ஆறாச்சு. கிளம்பு" என்றாள் அம்மா.

*

அனந்தலக்ஷ்மி வலது கையை நுழைத்தாள். பொன்செல்வி மஞ்சள் துணியை முதுகுப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, பிளாஸ்டருக்கு அடியில் கொடுத்து, தோளிலிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். சிவப்பு. சிவப்பு. பச்சை. பச்சை. கறுப்பு. கறுப்பு. கடைசியாக மணிக்கட்டில் மரப் பட்டன்.

"வலிக்கா?"

"இல்லையே! இரு, முன்பக்கம் நானே போட்டுக்கறேன்." அனந்தலக்ஷ்மி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஐந்து பட்டனையும் போட்டுவிட்டாள். பிறகு எழுந்து அறைக்குள் ஒரு சுற்று சுற்றினாள்.

நாகலக்ஷ்மி மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் வந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தாள். பிளாஸ்டருக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. மாமி ஒரு நீலப் பையோடு வந்து, அதைக் கட்டிலில் வைத்து ஜிப்பைத் திறந்தாள்.

"பல் தேய்க்கற பிரஷ்ஷை எடுத்து வெச்சுக்கோ. ரெண்டு சாக்ஸும். காலம்பற அஞ்சு மணி பஸ்ஸுக்கு நாலு மணிக்கே எழுந்துக்கணுமாக்கும்" என்றாள்.

அனந்தலக்ஷ்மி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமா மறுபடியும் கம்போடு ஓடி வந்தார்.

*

சனிக்கிழமை காலை மூணாறில் தேயிலைத் தோட்டங்களே தெரியாத அளவுக்குப் பனி. பினு சார் இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அபினின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. பொன்செல்வி அப்பாவின் பெரிய ஜாக்கெட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

அனந்தலக்ஷ்மி அவளை முழங்கையால் இடித்தாள்.

"ஏய், ஒண்ணு சொல்லட்டுமா?"

"என்ன, கை வலிக்கா? இறுக்குதா?"

"அதெல்லாம் இல்லை. மேல் பட்டனைக் கொஞ்சம் கழட்டிவிடேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வேர்க்கறதுடி!"

பொன்செல்வி சிரித்த சிரிப்பில் பினு சாரே திரும்பிப் பார்த்தார். அன்று மூணாறில் வேர்த்த ஒரே ஆள் அனந்தலக்ஷ்மிதான்.