கேப்டனின் நிலா வாட்ச்

மடக்காத குடையோடு ஒருவன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். அடுத்த நொடி அவள் கையிலிருந்த ஃபைல், வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனி... எல்லாம் மழை!

"ஐயோ... சாரிங்க! சாரி!"

"மழையை வெளியவே விட்டுட்டு வரக்கூடாதா? அதுக்கும் சேர்த்து டோக்கன் போட்டிருக்கீங்களா?"

கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் நிமிர்ந்து பார்த்ததும் கோபம் பாதியில் நின்றது. நனைந்த இமைகள்... அதற்குள் சிரிப்பும் பயமும் ஒன்றாகக் குடியிருக்கும் இரண்டு கண்கள்.

"டோக்கன் எங்க அப்பாவுக்கு. தலைக்கு ஸ்கேன்..." கடைசி வார்த்தையில் அவன் குரல் இறங்கிவிட்டது. "ஒரு மாசமா தலை சுத்துதுங்கிறார். நான் பல் டாக்டர். வாயைத் தாண்டி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் ஸ்கேன் டெக்னீஷியன். மெஷினைத் தாண்டி எனக்கும் தெரியாது. பயப்படாதீங்க, பார்த்துக்கிறேன்."

அவனுக்குப் பின்னால் ஓர் உயரமான மனிதர் நிதானமாக வந்தார். வெள்ளைத் தாடி, நிமிர்ந்த முதுகு. முப்பது வருடம் கப்பல் ஓட்டியவராம். எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். பெற்ற மகனே பாதி நேரம் அப்படித்தான் கூப்பிடுவானாம்.

மகன் கவுன்டரில் படிவம் நிரப்பப் போனான். உடை மாற்றும் அறை வாசலில் கேப்டன் பிடிவாதமாக நின்றார்.

"வாட்சைக் கழற்ற மாட்டேன்."

"சார், உள்ள இருக்கிறது பெரிய காந்தம். வாட்ச் போனா வீணாப் போயிடும்."

அதைக் கேட்டதும் ஆடிப்போய்க் கழற்றினார். அவள் உள்ளங்கையில் வைத்தார். தங்க உறை... சாவி கொடுத்து ஓடும் வாட்ச். முகப்பில் கீழே ஒரு சின்ன ஜன்னல். கருநீல வானம், பொடிப்பொடியாய் நட்சத்திரம், அதில் தங்க நிலா ஒன்று முழுதாக உட்கார்ந்திருந்தது.

"கடைசிப் பயணம் முடிச்சப்ப வாங்கினேன்மா. வெளியில நிலா தேய்ஞ்சா இதுலயும் தேயும். ஒரு நாள் தவறாம சாவி குடுத்துடுவேன். லாக்கர்ல போடாதே... உன் கையிலயே இருக்கட்டும்."

"சரி சார்." கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அவரைப் படுக்க வைக்கும் வேலையைப் பக்கத்து டெக்னீஷியன் பார்த்துக்கொள்ள, அவள் கண்ணாடிக்கு இப்பால் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்தாள். மேசை டிராயரில் வாட்சை வைத்துப் பூட்ட வேண்டும்... நினைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

எட்டாவது நிமிடம் ஸ்பீக்கர் அலறியது.

"எடு... என்னை வெளிய எடு! மூச்சு முட்டுது!"

பக்கத்து டெக்னீஷியன் அடுத்த நோயாளியை அழைக்கப் போயிருந்தாள். யோசிக்க நேரமில்லை. மெஷினை நிறுத்தினாள், கதவைத் திறந்தாள், ஓடினாள். படுக்கையை வெளியே இழுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெரிய கை, காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது.

"ஒண்ணுமில்ல சார்... நான் இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க..."

அப்போதுதான் உணர்ந்தாள். பாக்கெட்டில் ஏதோ மெல்ல இழுத்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காந்தம் தூங்குவதே இல்லை.

கடவுளே... வாட்ச்!

கேப்டன் கண் திறந்தார். "என் பையன்கிட்ட சொல்லிடாதேம்மா. நான் கத்தினேன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. சத்தியமா?"

"சத்தியமா சொல்ல மாட்டேன் சார்."

வாட்சை வெளியே வைத்துவிட்டு வந்து, மீதி ஸ்கேன் முழுவதும் அவர் கால் பக்கத்தில் நின்றாள்.

திருப்பிக் கொடுக்கும்போது வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

"அப்பா இதை யார் கையிலயும் குடுக்க மாட்டார். உங்களை நம்பியிருக்கார்னா... நீங்க பெரிய ஆள்தான்!"

அந்தக் கண்களில் பயம் கொஞ்சம் குறைந்திருந்தது. சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடுமே... ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் இருக்கட்டுமே. அந்த ஒரு நிமிடத்தில் கார் கிளம்பிப் போய்விட்டது.

அன்று மாலை வீட்டில், தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

"என்னடி, தட்டை அளந்து பார்க்கிறியா?" என்றாள் அக்கா.

"அக்கா... வாட்சுக்குள்ள காந்தம் ஏறினா என்ன ஆகும்?"

"என்கிட்ட கேட்டா? உன் முகத்துலதான் என்னமோ ஏறியிருக்கு!"

அக்கா சிரித்தாள். இவளுக்கோ அழுகை வந்தது.

மறுநாள் மாலை ரிப்போர்ட் வாங்க அவன் தனியாக வந்தான். கண்களின் கீழே கருமை. ஒட்டிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே நின்றான்.

"பிரிக்க பயமா இருக்கு. நேத்துல இருந்து அப்பா சரியில்ல. விடிஞ்சிருச்சுன்னு எழுந்து உக்கார்றார், இருட்டா இருக்கு. மாத்திரை நேரம்ங்கிறார், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. 'எனக்கு நேரமே பிடிபடலடா, மூளை குழம்பிப் போச்சு'ன்னு சொல்லி... அழுதார்ங்க. எங்கப்பா அழுது நான் பார்த்ததே இல்ல."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. ஆக, வாட்ச் வேகமாக ஓடுகிறது! ஒரு மனிதர் தன் வாட்சை நம்பி, தன் மூளையைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்...

"அவருக்கு ஒண்ணும் குழம்பல. வாட்ச்தான் தப்பா ஓடுது." வார்த்தைகள் மூச்சுவாங்கின. "அது என் பாக்கெட்ல இருந்தது. அதோட நான் காந்த அறைக்குள்ள போயிட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடதுதான்."

அவன் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன் போனீங்க? பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்காம உள்ள போகக்கூடாதுன்னு சுவர்ல நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?"

கேப்டனின் நடுங்கும் கை நினைவுக்கு வந்தது. சத்தியமா என்று கேட்ட குரலும்.

"...மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க!" கசப்பாகச் சிரித்தான். "எங்கப்பா நேத்து பூரா அவர் மூளையை நினைச்சு செத்துப் பிழைச்சிருக்கார். நீங்க சாதாரணமா மறந்துட்டேங்கிறீங்க. இன்னிக்கு வாட்ச்... நாளைக்கு யாரோட உயிரை மறப்பீங்க?"

சுருக்கென்றது. கண்ணீர் வந்துவிடும்போல இருந்தது. இவன் முன்னால் அழுவதா? மாட்டாள்.

"புகார் நோட்டு கவுன்டர்ல இருக்கு. எழுதிட்டுப் போங்க."

அவன் எழுதவில்லை. உறையை மார்போடு பிடித்துக்கொண்டு போய்விட்டான். மேனேஜர் மேடத்திடம் அவளே போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். கேப்டன் கத்தியதை மட்டும் எழுதவில்லை. இரண்டு வாரம் மெஷின் பக்கம் வரக்கூடாது, கவுன்டரில் உட்கார வேண்டும் என்று உத்தரவு.

கவுன்டரில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கண்ணாடிக் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறது என்று தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு எகிறும். அந்த உறைக்குள் என்ன இருந்தது? கேப்டனுக்கு ஏதாவது... இல்லை, இருக்காது. அவன் நம்பர் படிவத்தில் இருந்தது. நான்கு முறை எடுத்துப் பார்த்தாள். நான்கு முறையும் மூடி வைத்தாள். என்னென்று கேட்பது? யாரென்று சொல்லிக் கேட்பது?

மழை விட்டு விட்டுப் பெய்தது. வேறு குடைகள் வந்தன... போயின.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. முன்னால் கேப்டன். அவர் பிடித்த பிடியில் பின்னால் பல் டாக்டர்.

"தலையில ஒண்ணும் இல்லம்மா!" மொத்தக் கூடமும் திரும்பியது. "காதுக்குள்ளதான் கோளாறாம். மாத்திரையிலயே சரியாயிடுமாம்."

அவள் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏன்மா, நீ ஏன் இங்க உக்காந்திருக்க? மெஷின்ல இல்லையா?"

"இந்த வேலையும் நல்லாத்தான் இருக்கு சார்."

கேப்டன் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். நிமிர்ந்த முதுகு லேசாக வளைந்தது.

"டேய்... இவ மறந்து உள்ள வரல. நான் கத்தினேன். குழாய்க்குள்ள மூச்சு முட்டி, காப்பாத்துன்னு கத்தினேன். அதைக் கேட்டுத்தான் ஓடி வந்தா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். நீ இவளைத் திட்டின கதையை நேத்து சொன்னப்பதான் எனக்கே உறைச்சது. புயல்ல நின்னவன்டா நான்... பெத்த பிள்ளைகிட்ட பயந்தேன்னு சொல்ல வெட்கப்பட்டேன்."

அவன் முதலில் அப்பாவின் தோளைத் தொட்டான். பிறகு அவளைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி சரி, எதிர்க்கடைக்கு வாட்சை எடுத்துட்டுப் போகணும்," என்றார் கேப்டன். "நீயும் வாம்மா. பத்து நிமிஷம்."

மேடத்திடம் சொல்லிவிட்டு வந்தாள். தெருவைக் கடக்கும்போது அவன் குடையை அவள் பக்கமாகவே பிடித்தான். அவன் தோள் ஒரு பக்கம் முழுக்க நனைந்தது.

வாட்ச் சர்வீஸ் கடையில் இருந்த பெண், தப்பாக ஓடுகிறது என்று சாவி கொடுக்காமல் விட்டு நின்றுபோயிருந்த வாட்சை வாங்கினாள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் மேல் வைத்து, பொத்தானை அமுக்கி, மெதுவாக உயர்த்தி எடுத்தாள். சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள்.

"காந்தம் போயிடுச்சு. இப்ப சரியா ஓடும்."

"அவ்ளோதானா?" மூன்று பேரும் ஒரே குரலில்.

"அவ்ளோதான். பத்து செகண்ட் வேலை. இதுக்குப் பயந்து அவசர அவசரமா வர்றவங்கதான் பாதிப் பேர்!"

பத்து செகண்ட்... இதற்காகவா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நிலாவையும் சரி பண்ணணும்," என்றாள் அந்தப் பெண். "முழு நிலாவுல நிறுத்தியிருக்கேன். பௌர்ணமி போய் எத்தனை நாள்? அத்தனை தடவை அமுக்கணும்."

கேப்டன் தாடியைத் தடவினார். கண்ணில் ஒரு குறும்பு. "ஸ்கேன் எடுத்த அன்னிக்குத்தான் பௌர்ணமி. அது ஆச்சு... எத்தனை நாள்? எனக்குக் கணக்கு வரலயே!"

"ஒன்பது," என்றான் அவன்.

"ஒன்பது," என்றாள் அவள்... அதே நொடியில்.

கடைக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேப்டன் அவசரமாக வாட்ச் பக்கம் குனிந்துகொண்டார். "நீங்க அமுக்குங்கம்மா, நான் எண்ணுறேன்."

அவன் கடை வாசலுக்கு நகர்ந்தான். அவளும் போனாள். வெளியே மழை சன்னமாகியிருந்தது.

"தினமும் பயந்தவங்களை உக்கார வச்சு, தைரியம் சொல்லி, வாயைத் திறக்க வைக்கிறவன் நான். எங்கப்பா பயந்தது எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சது. உங்களைப் போய் அப்படி... மன்னிச்சிடுங்கன்னு கேக்கவே வாய் வரல."

"நானும் சுத்தமானவ இல்லீங்க. சத்தியம் பண்ணினது அவர் கத்தினதை மறைக்கத்தான். வாட்ச் விஷயத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாம்." அவள் குரல் தேய்ந்தது. "நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு... சொல்லாம விட்டேன்."

அவன் சட்டென்று திரும்பினான். எத்தனை அருகில் அந்தக் கண்கள்...

"ரிப்போர்ட் நல்லா வந்ததும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு. போனை எடுப்பேன், வைப்பேன். திட்டிட்டு வந்தவன் எந்த முகத்தோட பேசுறது? எட்டு நாளா இதே வேலை. கை நடுங்குது, பாருங்க... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

உள்ளேயிருந்து கேப்டன் குரல் கொடுத்தார். "எண்ணி முடிச்சாச்சு! அம்மா, நீ இனிமே என்னை சார்னு கூப்பிடாதே, காதுக்கு ஆகல. மாமான்னு கூப்பிட்டுப் பாரு, காது தானா சரியாயிடும்!"

அவள் முகம் சிவந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் தெருவுக்கே கேட்டுவிடும்போல...

"என்ன... ஒண்ணும் சொல்லலயே நீங்க?"

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

நடுங்கிய அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா... பிடிச்சிருக்கு."