இங்கே நிறுத்தினேன்

“பை கிழியப் போகுது, நீ கொஞ்சம் பிடியேன்—”

“யாரைக் கேட்டுக்கா அவர் புத்தகத்தையெல்லாம் நூலகத்துக்குக் குடுத்த?”

“எத்தனை தடவைடி சொல்றது? பெட்டி கட்டும்போது பக்கத்துலதான உட்கார்ந்திருந்த? தலைய ஆட்டினியே!”

“அன்னைக்கு வீட்டையே தூக்கிக் குடுத்திருந்தாலும் ஆட்டியிருப்பேன்.”

அக்கா பையின் வாயை இழுத்துப் பிடித்தாள். அடுத்த மேசையில் புத்தகம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் அது கடைசி ஒரு மணி நேரம். ஒரு பைக்குள் எவ்வளவு அடைத்தாலும் ஒரே விலை என்பதால் அக்கா சமையல் புத்தகம், அகராதி, பாதி அட்டை போன நாவல் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி திணித்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பச்சைத் துணி அட்டை போட்ட கப்பல் பயணப் புத்தகம். நாலு மாதத்துக்கு முன் கணவர் சாய்வு நாற்காலியிலேயே போய்விட்டபோது, அவர் மடியில் விரிந்து கிடந்தது.

அவருக்கு ஒரு பழக்கம். புத்தகத்தை எடுத்துவிட்டால் அவள் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். எழுமுன் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு, ‘இங்கே நிறுத்தினேன். சாப்பிடக் கூப்பிட்டாள்’ என்று எழுதிவைப்பார். அன்று மூன்று முறை கூப்பிட்டாள். “காது என்ன அடைச்சிருச்சா?” என்று அடுப்படியிலிருந்தே கத்தினாளே தவிர, எட்டிப் பார்க்கவில்லை. அவர் காதில் அது விழுந்ததா, விழாமலே போனாரா? அது தெரிந்தால் ஒரு பாட்டம் அழுதுவிடலாம் என்று அவளுக்கு எண்ணம். நாலு மாதமாக உடம்பு முழுக்க மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

“பென்சில்ல ஏதாவது எழுதியிருந்தா?” என்று நூலகரம்மாவைக் கேட்டாள்.

“கவலையே வேண்டாம்மா. ஒரு கிறுக்கல் விடாம அழிச்சிட்டுத்தான் மேசைக்கே வரும். ரெண்டு ரப்பர் தேஞ்சே போச்சு!”

அதைக் கேட்டும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கிடங்கறையின் பாதி திறந்த கதவை ஒட்டியிருந்த கடைசி மேசையில், அடுக்கின் அடியில் அது இருந்தது. புரட்டினாள். பழந்தாளின் மக்கிய நெடியோடு அவர் நெற்றியில் தடவும் தைலத்தின் வாடை மெல்ல எழுந்தது. ஓரமெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் பூத்திருக்க, ரப்பர் துகள்கள் அவள் விரலடியில் புழு மாதிரி உருண்டன. பக்கம் பக்கமாக ஒன்றுமில்லை.

கடைசிப் பக்கத்தில் எழுத்து இருந்தது. மேலே அவர் போன நாளின் தேதி.

‘இங்கே நிறுத்தினேன். கூப்பிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை.’

அவர் காதில் விழுந்திருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கீழே இன்னொரு தேதி. அவர் போய் ஒன்பதாம் நாள்.

‘இங்கே நிறுத்தினேன். தூக்கத்தில் கூப்பிட்டாள். வாசல் வரை போனேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது.’

அதற்கும் கீழே, ‘கூப்பிட்டாள். கூடம் வரை.’

நேற்றைய தேதி. ‘கூப்பிட்டாள். கட்டில் வரை. பக்கத்தில் அவள் அக்கா படுத்திருந்தாள்.’

“அக்கா, நான் தூக்கத்துல பேசுறேனா?”

“பேசுறியாவா? தினம் ராத்திரி ‘ஏங்க, ஏங்க’ன்னு என் உயிரை வாங்குற. சொன்னா நீ கஷ்டப்படுவியேன்னுதான் வாயைத் திறக்கல.”

நூலகரம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

“இந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையேம்மா. நேத்து சாயந்திரம் நான்தான் பார்த்தேன்.”

ஆகக் கீழே, இன்றைய தேதி.

‘இங்கே நிறுத்தினேன். நூலகத்தில் கூப்பிட்டாள்.’

கூப்பிடவில்லையே. இன்று, இங்கே, இன்னும் கூப்பிடவில்லை. விரலால் தொட்டாள். பென்சில் கரி ஒட்டியது.

கிடங்கறைக்குள் இருட்டு. இருட்டுக்குள் ஒரு பக்கம் புரண்டது.

இன்னொன்று. நிதானமாக. எச்சில் தொட்டுப் புரட்டுகிறவரின் இடைவெளி விட்டு.

இன்னொன்று.

நின்றது.

நாற்காலி கிறீச்சிட்டது. தைல வாடை. கிட்டத்தில்.

“வா, போயிடலாம்,” என்று அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பை சரிந்து புத்தகங்கள் காலில் விழுந்தன. வலிக்கவில்லை. கூப்பிடும் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயை அழுத்திப் பொத்தினாள். கையும் மரத்திருந்தது. தானாக நழுவி, கீழே இறங்கியது.

“ஏங்க?”