ஒரே கையில் ஏழு காப்பு

அன்று காலை பிரம்மசக்தியின் இடது கையில் ஏழு பேர் இருந்தார்கள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாக ஏழு மெய்க்காப்புகள். ஒவ்வொன்றும் ஒரு கபடி வீராங்கனையுடையது. நாடித்துடிப்பு, உறக்கம், இரத்தத்தில் இரும்புச்சத்து, மூட்டுத் தேய்மானம் என்று உடம்பு சொல்வதையெல்லாம் கேட்டுக் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை தில்லிக்கு அனுப்பும் வளையல் அது. அங்கே நிறைகோல் என்றொரு கணிப்பொறி அதைப் படிக்கும். படித்ததைக் கேள்வியாக்கி நாடாளுமன்றக் குழுவின் மேசையில் வைக்கும். முன்பெல்லாம் ஓர் எம்.பி. எழுந்து நின்று கேட்டால்தான் அது கேள்வி. இப்போது உடம்பே கேட்டுவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றார்கள்?

பிரம்மசக்தி வீராங்கனை இல்லை. செங்கரைப்புதூர் துணைச் சுகாதார நிலையத்தின் கிராமச் செவிலியர். நாற்பத்தேழு வயது. ஐந்து ஊர், ஒரு ஸ்கூட்டர், ஒரு தடுப்பூசிப் பெட்டி. இரண்டாவது செவிலியர் நாற்காலி ஆறு வருடமாகக் காலி. அதில் சத்துமாவு மூட்டை உட்கார்ந்திருந்தது.

நிலையத்துக்குப் பின்னால்தான் கபடித் திடல். களத்தில் இறங்குமுன் பெண்கள் கம்மல், மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி நர்சக்காவிடம் கொடுப்பார்கள். அவள் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வாள். மெய்க்காப்பு வந்தபோது அதுவும் அந்த முடிச்சில் சேர்ந்தது. களத்தில் இறங்குபவள் உடம்பில் கெட்டியான பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது கபடி விதி. காப்பு பத்து நிமிடத்துக்கு மேல் தோலைவிட்டு விலகக் கூடாது என்பது நிறைகோலின் விதி. விலகினால் விளக்கம் கேட்டு ஓலை வந்துவிடும். இரண்டு விதியையும் போட்டவர்கள் ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அணித்தலைவி செல்வகனி அவர்களுக்கு நான்கு கடிதம் எழுதினாள். நான்குக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது.

"ஏட்டி, தோல்தானே வேணும் அதுக்கு? எங்கிட்டயும் தோல் இருக்கு, கொண்டாங்க," என்று பிரம்மசக்தி ஒருநாள் ஏழையும் வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அப்படி ஆரம்பித்ததுதான்.

ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஆட்டம் முடியும்போது அவள் அங்கே இருக்க மாட்டாள். மேலூரில் ஒருத்திக்கு வலி எடுத்திருக்கும், இல்லையென்றால் கீழூரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். அவள் திரும்புமுன் பெண்கள் வேலைக்கு மில் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாளானது. இரண்டு நாள் வாரமானது. கை யாருடையது என்று பார்க்கும் வசதி காப்பில் இருந்திருக்க வேண்டும். திட்டத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டியது அதைத்தான். ஏழு இதயமும் நான்கு வருடமாக ஒரே நேரத்தில் துடிப்பதைப் பார்த்து நிறைகோல் 'மிகச் சிறந்த குழு உணர்வு' என்று பாராட்டி வேறு வைத்திருந்தது.

பாராட்டோடு விட்டிருக்கலாம். போன மாதம் எல்லாம் சிவப்பானது. பெண்கள் விளையாட்டையும் வட்டாரச் சுகாதாரப் பணியையும் ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக்குழு, செங்கரைப்புதூர் அணியை விசாரணைக்கு அழைத்தது. விசாரணை அன்று, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை மாநிலத் தேர்வு. செல்வகனிக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வருடம். அதில் தேறினால் போலீசில் வேலை. தேறாவிட்டால் ஆயுசுக்கும் அந்த மில் பஸ்தான்.

சுகாதார நிலையக் கூடத்தில் திரையை மாட்டினார்கள். பெண்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பிரம்மசக்தி கடைசியில், முழுக்கைச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டு. சித்திரை வெயிலுக்கு அது தேவையா என்று யாரும் கேட்கவில்லை.

திரையில் குழுத்தலைவர் சுரபி மொஹந்தி வந்தார். ஒடியாவில் பேசினார். மொழிமாற்றி அதைத் தமிழில் சொன்னது. அந்த வாரத்தில் அவருக்கு இது ஒன்பதாவது விசாரணை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"இந்த அணியின் ஏழு வீராங்கனைகளும் நாளொன்றுக்கு மூன்று மணி நாற்பது நிமிடமே உறங்குகிறார்கள். கடும் இரத்தசோகை. இருபது வயதுப் பெண்களுக்கு நாற்பத்தைந்து வயதின் மூட்டுத் தேய்மானம். விளையாட்டு இவர்களை அழித்துக்கொண்டிருக்கிறது. அணியை இன்றே கலைக்குமாறு நிறைகோல் பரிந்துரைக்கிறது. நீங்கள் ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?"

செல்வகனி எழுந்தாள். "மேடம், நாங்க நல்லா தூங்குதோம். எங்க அம்மைட்ட வேணா கேளுங்க, தண்ணி தெளிச்சுதான் எழுப்புவா."

"கூற்று அளவீட்டுக்கு முரணாக உள்ளது. பதிவு செய்ய இயலாது," என்றது நிறைகோல். அதன் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

"இந்தா பாருங்க, நான் நிக்கேன்லா உங்க முன்னால? எனக்கு என்ன கொறை?" செல்வகனியின் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமை செலக்சன் மேடம். பதினோரு வருசமா ஆடுதேன்."

"உங்கள் உணர்வைக் குழு மதிக்கிறது," என்றார் தலைவர். உண்மையிலேயே மதித்தார், பாவம். "ஆனால் உங்கள் உடம்பு வேறு சொல்கிறதே, மகளே. நான் எதை நம்புவது?"

பிரம்மசக்தி தரையைப் பார்த்தபடி இருந்தாள். அரசுக் கருவியில் கைவைத்தது குற்றம். சார்ஜ் மெமோ வரும், சஸ்பெண்டும் வரலாம். அவளைச் சஸ்பெண்ட் செய்தால் ஐந்து ஊருக்கும் அந்தச் சத்துமாவு மூட்டைதான் ஊசி போட வேண்டும். சும்மா இருந்துவிடலாம். அவள் பெயர் இந்த விசாரணையில் எங்கேயுமே இல்லை. பக்கத்தில் ரஹ்மத்நிஷா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். களத்தில் நான்கு பேர் சேர்ந்து அமுக்கினாலும் திமிறி எழுந்து வருகிறவள்.

அட, போகட்டும் என்று பிரம்மசக்தி எழுந்து கோட்டைக் கழற்றினாள். சட்டைக் கையை மேலே சுருட்டினாள். ஏழு காப்பும் கூடத்து வெளிச்சத்தில் மின்னின.

"மேடம், அது இவளுவ உடம்பு இல்ல. என் உடம்பு."

மொழிமாற்றி தயங்கியது. பிறகு சொன்னது. தலைவர் முன்னால் குனிந்து பார்த்தார். பிரம்மசக்தி கபடி விதியைச் சொன்னாள், காப்பு விதியைச் சொன்னாள், நான்கு கடிதத்தையும் சொன்னாள். "தப்புதான். என்ன தண்டன வேணும்னாலும் குடுங்க. பிள்ளையள விட்டுருங்க. எல்லாம் குதிரை மாதிரி இருக்காளுவ."

தலைவர் ஏழு காப்பையும் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கேட்டார்:

"அப்படியென்றால் இவ்வளவு களைத்துப்போயிருப்பது நீங்களா?"

ஐந்து ஊரிலும் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பிரம்மசக்தி கேட்கிற கேள்வி: தூங்குனியாம்மா, சாப்பிட்டியாம்மா, தலை சுத்துதா. அவளை ஒருத்தர் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம், நான்தான், என்னால் முடியவில்லை என்று அந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது.

"நிறைகோல், அளவீடுகளை உரிய பெயரில் மாற்று. இந்த அம்மாவுக்கு உடனே என்ன செய்ய வேண்டும் என்று சொல்," என்றார் தலைவர்.

மூன்று நொடி ஆனது.

"பெயர் பிரம்மசக்தி. பணி, கிராமச் செவிலியர். மறுமதிப்பீடு முடிந்தது. அனைத்து அளவீடுகளும் பச்சை. நடவடிக்கை தேவையில்லை."

"என்ன உளறுகிறாய்? அதே இரத்தம்தானே! ஒரு நிமிடம் முன்னால் சிவப்பு என்றாயே!"

"ஒவ்வொரு பணிக்கும் அப்பணியில் இருப்போரின் சராசரியே அளவுகோல். நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, கிராமச் செவிலியருக்கு மூன்று மணி முப்பத்தைந்து நிமிட உறக்கம் இயல்பானது. இவர் ஐந்து நிமிடம் கூடுதலாக உறங்குகிறார்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது பிரம்மசக்திதான்.

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார், செயலரிடம் ஏதோ கேட்டார், கையை விரித்தார். சிவப்பானதைத்தான் குழு விசாரிக்கலாம். பச்சையை விசாரிக்க விதியில் இடமில்லை. அதை அவரே, வாயே வராமல் சொன்னார். அணியைக் கலைக்கும் பரிந்துரை ரத்து. செவிலியருக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. கூடவே, இத்தனை நாள் பரிசீலனையில் கிடந்த விஷயத்துக்கு ஒரு முடிவும் கிடைத்தது: ஆட்ட நேரத்தில் காப்பைக் கழற்றலாம், கழற்றியதைப் பொறுப்பான ஒருவர் பெற்று, நேரம் குறித்து, கையெழுத்திட்டுத் திருப்பித்தர வேண்டும். பொறுப்பான நபர், கிராமச் செவிலியர்.

திரை அணைந்ததும் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் செல்வகனிக்கு உறைத்தது.

"அதென்னக்கா நியாயம்? எங்க கையில இருந்தா சிவப்பு, உங்க கையில இருந்தா பச்சையா?"

"விடுட்டி. நீ ஞாயித்துக்கிழமை ஒழுங்கா ஆடு."

ரஹ்மத்நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் எதையோ தேடினாள். "அக்கா, மாற்று ஆட்டக்காரிக்கு வயசு வரம்பு இல்ல. பாத்துட்டேன். உங்கள அணியில சேத்துட்டா?"

"பைத்தியமாட்டி ஒனக்கு? நாப்பத்தேழு வயசுல கபடியா!"

"நீங்க ஆட வேண்டாம். பேரு இருந்தா போதும். அந்தப் பேருல பாத்தா உங்க ஒடம்பு சிவப்புதான? அப்போ அது ஓய்வு குடுத்துத்தான ஆவணும்?"

பிரம்மசக்தி வேண்டாம் வேண்டாம் என்றாள். ஆனால் செல்வகனி கைப்பேசியில் படிவத்தை நீட்டியபோது பெருவிரலை வைத்தாள். வைக்கும்போது வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. எட்டாவது காப்பு புதன்கிழமை வந்தது. வலது கையில் போட்டுக்கொண்டாள். அதற்குள் ஞாயிறு போய், செல்வகனி தேர்வாகிவிட்டிருந்தாள். திடலில் இன்னும் அந்தச் சந்தோஷம் ஓயவில்லை.

வியாழன் காலை பயிற்சி தொடங்குமுன் வலது கைக் காப்பு அதிர்ந்தது. சிவப்பு.

"வந்துட்டு! வந்துட்டு!" பெண்கள் ஓடிவந்து சுற்றிக்கொண்டார்கள். தன் கைப்பேசிக்கு வந்த ஓலையைச் செல்வகனி உரக்கப் படித்தாள். "வீராங்கனை பிரம்மசக்தி கடும் சோர்வில் உள்ளார். உடல்நிலை ஆபத்தான எல்லையில் உள்ளது. இரண்டு மாதம் கட்டாய ஓய்வு."

ஒரே கைதட்டல். பிரம்மசக்தி தடுப்பூசிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம்! முதல் நாள் முழுக்கத் தூங்குவேன் என்று நினைத்தாள். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, மத்தியானம் வரை எழுந்திருக்கவே மாட்டேன்.

செல்வகனி திரையை விரலால் மேலே தள்ளினாள். சத்தம் குறைந்தது.

"என்னட்டி? இன்னும் இருக்கா? படி."

"இக்காலத்தில் இவர் கபடி ஆடக் கூடாது," என்று செல்வகனி மெதுவாகப் படித்தாள். "பயிற்சியிலும் கலந்துகொள்ளக் கூடாது. மற்ற வேலைகளுக்குத் தடை இல்லை."

மில் பெண்கள் ஏழு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்கு என்றைக்காவது சிவப்பு விழுந்தாலும் நிற்கப்போவது ஆட்டம்தான், மில் இல்லை என்பது அவர்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பிரம்மசக்தியின் கைப்பேசி அடித்தது. மேலூர். பனிக்குடம் உடைந்துவிட்டதாம். அவள் எழுந்து பெட்டியை எடுத்தாள். ஏழு காப்பையும் வாங்கி, பதிவேட்டில் மணி ஆறு பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்மல்களையும் மூக்குத்திகளையும் கைக்குட்டையில் முடிந்து மடியில் செருகினாள்.

"சரிட்டி," என்றாள் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. "இனிமே ரெண்டு மாசத்துக்கு நான் கபடி ஆட மாட்டேன்."