சயாமிலிருந்து வந்த பிடிமண்

குடத்தில் தண்ணீர் குறைந்திருந்தது. காளீஸ்வரிக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். மழை பொய்த்து இரண்டாவது வருடம். கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், தெருவே கூடி நிற்க, முழங்கையால் இடித்து, வாய்ச்சண்டை போட்டுப் பிடித்து வந்த தண்ணீர். கழுத்துவரை நிரப்பி, துணியால் வாயை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். கட்டு போட்டபடியே இருந்தது. குடத்தில் பாதியைக் காணோம்.

எந்த எடுபட்டவள் வந்து மோந்துகொண்டு போனாள் என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி ஏசினாள். மாமியார் வெயிலுகந்தம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு, உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"ஏட்டி, சின்ன மாமா குடிச்சிருப்பாவ. தாகத்தோட வந்தவிய இல்லா?"

அத்தையின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சின்ன மாமா என்றால் அத்தையின் மாமனாருக்குத் தம்பி, கொம்பையா. மீசை அரும்பும் வயதில் மலேயா தோட்டத்துக்குப் போனவர். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். கல்யாணம் காட்சி இல்லாமல் அங்கேயே செத்தார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது; யாரும் கவலைப்படவும் இல்லை. காளீஸ்வரியின் இரண்டு பிள்ளைகள் பால்குடி மறக்காத வயதில் அடுத்தடுத்துப் போன பிறகுதான் அவர் நினைப்பே வந்தது. மூன்றாவதாகத் தீபலட்சுமி பிறந்ததும் கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொன்னான். அந்நிய மண்ணில் கிடப்பவரைக் கூட்டி வந்தால்தான் இந்தப் பிள்ளை தங்கும் என்றான்.

கோயிலில் ஒரு கைப்பிடி மண் அள்ளி வந்து வேறு ஊரில் வைத்தால் சாமி கூடவே வந்துவிடும். இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். செத்தவர் மட்டும் வரமாட்டாரா? மலேசியாவில் ஓட்டல் வேலை பார்த்த கொழுந்தன் பூவனநாதன் தோட்டம் தோட்டமாக விசாரித்து, அந்த ரயில்பாதையிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு கிழவரைப் பிடித்து, அவரோடு எல்லை தாண்டிப் போய் மண் எடுத்து வந்தான். மஞ்சள் துணியில் முடிந்து அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு, லீவு முடிந்து போய்விட்டான்.

அதை மண்கலயத்தில் போட்டு உள்ளறையில் வைத்தார்கள். பிள்ளை பெற்றவள் கூப்பிட்டால்தான் வருவார் என்று கோடாங்கி சொல்லியிருந்ததால், காளீஸ்வரிதான் செம்பில் தண்ணீர் வைத்து, வந்து வயிறாரக் குடிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். மனசாரக் கூப்பிட்டாள். பிள்ளைக்காக அவள் எமனையே மாமா முறை சொல்லி அழைத்திருப்பாள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பிறகுதான் அந்த மண்ணைக் கவனித்தாள். உதறிப் போட்ட துணி கொடியில் விழுமுன் காய்கிற கரிசல் வெயிலில், ஓட்டு வீட்டின் புழுக்கத்தில், அந்தச் செம்மண் மட்டும் காயவேயில்லை. தொட்டால் விரலில் சகதியாக ஒட்டியது, முகர்ந்தால் மழைவாடையோடு வாந்தியின் புளிப்பும் சேர்ந்து அடித்தது. குடத்துத் தண்ணீரோடு நிற்கவில்லை. சோற்றுப்பானையின் நீராகாரம், உறியில் தொங்கிய மோர், ஆட்டுரல் குழியில் தேங்கியிருந்த கழுவிய தண்ணீர், எல்லாம் போயின. மில் வேலைக்குப் போகும் புருஷன் வன்னியபெருமாளிடம் சொன்னாள். நான் ஷிப்டுக்குப் போகட்டுமா, எலி பிடிக்கட்டுமா என்று அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

ஒருநாள் மத்தியானம் அத்தை தூங்க, தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கியிருக்க, உள்ளறையிலிருந்து தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் மடக் மடக்கென்று நிதானமாகக் கேட்டது. காளீஸ்வரி சுவரோடு ஒட்டி நின்றாள். சின்ன மாமா குடிக்கிறார், குடிக்கட்டும் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டாள். அப்போது இன்னொரு தொண்டை சேர்ந்தது. பிறகு இன்னொன்று. ஒருவர் குடிக்கும்போது மற்றவர் வெறும் எச்சிலை விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது.

அடுத்து பூவனநாதன் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசியபோது அவள் நலம் விசாரிக்கவில்லை. யாருடைய மண் அது என்று கேட்டாள்.

"மதினி, அது ஒத்த ஆளு குழி இல்ல. காலரா கண்டவியள எல்லாம் ஒரே பள்ளத்துல தள்ளிட்டாவளாம். உயிரு போகாதவியளும் கெடந்திருக்காவ. தண்ணி தண்ணின்னு கேக்கக் கேக்க ஜப்பான்காரன் மண்ணத் தள்ளிருக்கான்."

"இத ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருக்க மாட்டிய. அம்மா அழுவாவன்னுதான்..."

அவள் போனை வைத்தாள். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் காலைப் பிடித்துத் தடுப்பாள். தொட்டிலில் தூங்கிய பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கலயத்தை முந்தானைக்குள் மறைத்து, பொழுது சாயும் நேரத்தில் ஊருக்கு வெளியே வறண்ட ஓடைக்கு நடந்தாள். அங்கே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கலயத்தைக் கவிழ்த்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்து வெடிப்புக்குள் இறங்கியது. இத்தனை நாள் காயாத மண்ணில் சொட்டு ஈரம் இல்லை. விட்டது சனியன் என்று கலயத்தை உடைத்துப் போட்டுத் திரும்பினாள்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அத்தை குடங்களோடு அங்கே நின்று யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை சத்தமே இல்லாமல் தூங்குவதாகச் சொன்னாள்.

காளீஸ்வரி ஓடினாள்.

வீடு இருட்டிக் கிடந்தது. அதே புளித்த வாடை. உள்ளறையில் இல்லை. கூடத்தில். சேலைத் தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கினாள். கைக்குப் பழகிய கனம் இல்லை. உதடு வெடித்திருந்தது. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. மூச்சு இருந்தது. இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்து மார்பில் போட்டாள். பிள்ளையின் நாக்கு அசைந்தது. பால் சுரந்தது. தாயி, குடி தாயி.

மறுமார்பில் ஒரு வாய் பற்றியது.

குளிர்ந்த வாய். அதில் பல் இருந்தது. தொண்டையில் இறங்கும் சத்தம். எழப் பார்த்தாள். தோள்களில் கைகள் அழுந்தின. தொடைமேல் கைகள். எல்லாம் எலும்பு. இன்னொரு தலை பிள்ளையை இடித்துத் தள்ளியது. பிள்ளையின் இடத்தில் அது வாய் வைத்தது.

"பிள்ளைக்குக் கொஞ்சம் வைங்கய்யா."

குடிப்பது நின்றது. கூடம் முழுக்க மூச்சுச் சத்தம். கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள்.

மறுபடி தொடங்கியது. முன்னைவிட வேகமாக.

மடியில் பிள்ளையின் வாய் காற்றைச் சப்பியது. திறந்து மூடியது. திறந்தது. மூடவில்லை. மார்பிலிருந்த வாய் விலகியது. ஈரம் ஆறுமுன் அடுத்தது வந்து பற்றியது.