மாடிச் சுவர் கழுவிய கூலி

“ஒரு சுவரைக் கழுவ ஒரு மூட்டை அரிசியா? நேத்து நாலு படின்னு சொன்ன வாய்தானேடா இது?”

“நேத்து நேத்து, ஆச்சி. இன்னிக்கு இன்னிக்கு.”

“சுவரைக் கழுவ வந்தியா, எங்க சொத்தைக் கழுவ வந்தியா?”

“பேசின கூலி பேசினதுதான் மச்சான், விடு லா,” என்று இடையில் புகுந்தான் கூட வேலைக்கு வந்திருந்த சின்னத்தம்பி. சுவர் கழுவும் கனகராஜ் திரும்பி, தங்கை புருஷன் என்றும் பாராமல் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். காஹாங் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. அந்த வருஷம் காஹாங்கில் அரிசிக்குத்தான் பஞ்சம். காதுக்கு இல்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து உலகப்பச் செட்டியார் வந்தார். பேரம் பேசிக்கொண்டிருந்த விதவைத் தங்கை கண்ணாத்தாளைக் கையமர்த்தினார். கனகராஜை ஒரு கணம் பார்த்தார்.

“சரி. ஒரு மூட்டை. சாயங்காலம் வாங்கிக்க. சுவரை முடி.”

தெரு வாயைப் பிளந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை மூட்டை கட்டிக் கொடுத்தாலும் அரை மூட்டை அரிசி கிடைக்காத காலம். அதில் ஒரு செட்டியார் பேரம் பேசாமல் தலையாட்டுகிறார்! எதிர்க்கடையில் பல்குத்திக்கொண்டிருந்தவருக்குப் பல்குத்தி கீழே விழுந்தது.

1944-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. வருவது ஒரு ஜப்பானியப் பெரிய அதிகாரி. மாலை நான்கு மணிக்கு அவருடைய கார் காஹாங் வழியாகப் போகும், இறங்கிப் பார்வையிடுவார், பாசி பிடித்த சுவரைக் கண்டால் வீட்டுக்காரன் முதுகைக் கழுவுவார் என்று உத்தரவு. ஜொகூர் மழைக்குச் சுவர்கள் கரிச்சட்டியாகத்தான் இருக்கும். ஒரு வாரமாக ஊரே தேய்த்துக்கொண்டிருந்தது. தெருவில் இன்னும் கறுப்பாக நின்ற சுவர் ஒன்றே ஒன்றுதான்: காவல் நிலையத்தின் சுவர். மாத்தா மாத்தா என்று ஊர் சொல்லும் போலீஸை யார் கேட்பது?

செட்டியார் வீடு மூலை வீடு. முன்புறத்தோடு சந்துப்பக்கச் சுவரும் சேர்த்திக் கணக்கு. முதல் நாள் கனகராஜ் மூங்கில் ஏணியில் ஏறி மாடிப்பகுதியைச் சாம்பல் நீரால் தேய்த்து, பாசி மறுபடி வராமல் சுண்ணாம்பு நீர் வார்த்து முடித்தான். மேலே முடித்துத்தான் கீழே வர வேண்டும். அழுக்குத் தண்ணீர் கீழேதானே வழியும். இரண்டாம் நாளுக்கு மிச்சம் இருந்தது கீழ்ப்பகுதி மட்டும், கைக்கெட்டும் உயரம்.

உச்சி வெயிலில் சமையற்காரி வெள்ளையம்மாவின் அலறல் கேட்டது.

கனகராஜ் சந்தில் மல்லாந்து கிடந்தான். பின்மண்டை சாக்கடைக் கல்லில் பிளந்திருந்தது. பக்கத்தில் ஏணி. ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த சின்னத்தம்பி இரண்டு வாளியோடு வந்து, அப்படியே நின்றான். வாளிகள் உருண்டன.

“அலமாக்! மச்சான்!”

அவன் ஏணியைத் தூக்க ஓடினான். அதன் உச்சியில் இரண்டு மூங்கிலிலும் சிவப்புக் கறை.

“ரத்தம்!” என்றது கூட்டம்.

“அவன்தான்!” என்றாள் கண்ணாத்தாள். வெள்ளைப் புடவையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “காலையில அறை வாங்கினவன். ஏணியைப் பிடிச்சு இழுத்துச் சாய்ச்சான். நானே பாத்தேன்.”

சார்ஜன்ட் ஐயாசாமி வந்தார். வயது நாற்பத்தைந்து. இரண்டு மனைவியருக்குக் கருமாதி செய்தவர். வெள்ளைக்காரன் போனதும் தொப்பியில் வில்லையை மட்டும் மாற்றிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆளைப் பற்றி ஊரில் ஒருவரும் நல்லது சொன்னதில்லை. மூளையைப் பற்றி ஒருவரும் கெட்டது சொன்னதில்லை.

அவர் முதல் வேலையாகச் சின்னத்தம்பியைச் செட்டியார் வீட்டுத் தூணில் கட்டினார். இரண்டாவது வேலையாக ஏணிக்கருகில் குந்தினார்.

பிணத்துக்குச் சொந்தக்காரி கருப்பாயி மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். செத்தவன் அண்ணன். கட்டுண்டவன் புருஷன். யாருக்காக அழுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

“ஐயா, என் வீட்டுக்காரரை என்ன செய்வீங்க?”

“நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். நாலு மணிக்கு அதிகாரி வந்து இறங்குவாரு. கொலைகாரன் யாருன்னு கேப்பாரு. காட்டுவேன். கத்தி அவங்களோடது.”

கருப்பாயி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷங்களில் கத்தி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சார்ஜன்ட் ஈக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கடைக் கல்லில் அவை கறுப்பாய் மொய்த்தன. ஏணியின் சிவப்பில் ஒன்றுகூட உட்காரவில்லை.

அவர் கண்ணாத்தாளிடம் திரும்பினார்.

“எங்கேருந்து பாத்தீங்க, ஆச்சி?”

“அடுப்படியிலேருந்து.”

“அடுப்படிக்குச் சந்துப் பக்கம் ஜன்னல் இல்லையே.”

“வெளியே வந்து பாத்தேன்.”

“வந்தப்ப ஏன் கத்தலை? கத்தினது வெள்ளையம்மால்ல?”

கண்ணாத்தாள் அண்ணனைப் பார்த்தாள். செட்டியார் தொண்டையைக் கனைத்தார்.

“மாடியில அந்த ஜன்னல் எந்த அறை, செட்டியாரே?”

“தட்டுமுட்டுச் சாமான் அறை. பூட்டியாச்சு. சாவி தொலைஞ்சு போச்சு.”

“அப்ப வீட்டில யார் யாரு?”

“நான், தங்கச்சி, சமையலுக்கு வெள்ளையம்மா. தங்கச்சி மக அழகம்மையை ஜப்பான் சண்டைக்கு முந்தி கடைசிக் கப்பல்ல ஊருக்கு அனுப்பினோமே, தெருவுக்கே தெரியுமே.”

தெருவுக்குத் தெரியும். பெட்டி கட்டியது, ரயிலேற்றியது, கண்ணாத்தாள் நாலு நாள் சாப்பிடாதது எல்லாம் தெரியும். ரயில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

சார்ஜன்ட் கொல்லைப் பக்கம் போனார். அடுப்பில் உப்புப் போட்ட மரவள்ளிக்கிழங்கு வெள்ளை வெளேரென்று வெந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியருகே ஓர் உரசுகல், அதன் நடுவில் ஈர மஞ்சள்.

“வெள்ளையம்மா, உன் புருஷன் எப்ப செத்தான்?”

“சாவு ரயிலு போட சயாமுக்குக் கொண்டு போனாங்களே ஐயா, போன வருசம். திரும்பி வரலை.”

“இந்த மஞ்சள்?”

“கறிக்கு.”

“என்ன கறி?”

வெள்ளையம்மா மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

பிற்பகல் மூன்று மணி. சார்ஜன்ட் தெருவை விரட்டிவிட்டு, செட்டியார் வீட்டு முன்கட்டில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே செட்டியார், கண்ணாத்தாள், வெள்ளையம்மா. வெளியே தூணில் சின்னத்தம்பி. எதிர்க்கடைக்காரர் வெளியே இருந்ததாகத்தான் பேச்சு. ஆனால் கதவிடுக்கு என்று ஒன்று இருக்கிறது.

“கனகராஜ் ஏன் செத்தான்னு சொல்றேன், கேளுங்க. நேத்து மேல் சுவர் முடிஞ்சுது. கீழே கழுவ ஏணி வேணாம். இன்னிக்கு உச்சி வெயில்ல அவன் எதுக்கு மேல ஏறினான்? சுவருக்காக இல்லை, ஜன்னலுக்காக.”

“ஜன்னல்ல என்ன இருக்கு?” என்றார் செட்டியார்.

“அதைத்தான் அவன் நேத்தே பாத்துட்டான். நாலு படி ராத்திரியோட மூட்டையானது அதனால. நீங்க பேரம் பேசாம ஒத்துக்கிட்டதும் அதனால. அது சுவரைக் கழுவின கூலி இல்லை. வாயை மூடிக்கிற கூலி.”

கண்ணாத்தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஏணியில இருக்கிறது ரத்தமில்லை. ரத்தமா இருந்தா ஈ விடாது. முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணி ஊறின மூங்கில் அது. சுண்ணாம்பில எது பட்டாச் செவக்கும்? ஆரத்தி கரைக்காத பொம்பளை உண்டா? மஞ்சள். யாரோ மஞ்சள் கையோட ஏணியைத் தொட்டிருக்காங்க.”

“வேலைக்காரி தொட்டிருப்பா,” என்றார் செட்டியார்.

“எங்க தொட்டிருக்குன்னு பாத்தீங்களா? ஜன்னலுக்கு மேல நீட்டின நுனியில. அதுவும் சுவரைப் பாத்த பக்கம். ஏறுறவன் பிடிச்சா விரல் மடங்கும். இது விரிச்ச கை. ரெண்டு உள்ளங்கை. உள்ளேருந்து தள்ளின கை.”

அவர் கொஞ்சம் நிறுத்தினார். ரசித்துத்தான் நிறுத்தினார்.

“வெள்ளையம்மா விதவை. ஆச்சியும் விதவை. இந்த வீட்டில மஞ்சள் பூசுற உரிமை ஒருத்திக்கும் கிடையாது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அப்ப பூசினது யாரு? கப்பலேறாத கன்னிப்பொண்ணு ஒண்ணு மேல இருக்கு.”

“இல்லை!” என்று கத்தினாள் கண்ணாத்தாள்.

“ஜப்பான்காரன் கண்ணுல படாம ரெண்டு வருஷத்துக்கு மேல ஒளிச்சு வச்சீங்க. கெட்டிக்காரத்தனம். கப்பல் கதை கட்டினீங்க, சாவியைத் தொலைச்சீங்க. ஆனா கன்னிப்பொண்ணு வெள்ளிக்கிழமை மஞ்சளில்லாம இருக்கலாமான்னு ஒரு பயம். அதை மட்டும் விட முடியலை.”

மாடிப்படியில் காலடி கேட்டது.

அழகம்மை இறங்கி வந்தாள். இருபத்தொரு வயது. தலைமுடியை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருந்தார்கள். வெயில் காணாத முகம் மெழுகாக இருந்தது. கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் தேய்த்திருந்தது. மறுபக்கம் தேய்க்க நேரம் வாய்க்கவில்லை.

“நான்தான் தள்ளினேன்.”

“உள்ள போ, ஆத்தா!” என்றாள் தாய்.

“வெளியில கட்டி வச்சிருக்காங்களே, அவரு தண்ணி எடுக்கப் போனதை நான் ஜன்னல் இடுக்கால பாத்தேன். அவரு சாகணுமா?” அவள் சார்ஜன்டைப் பார்த்தாள். “ஏணியில நின்னவன் ஜன்னலைத் திறன்னான். மூட்டை அரிசி அம்மானோட கணக்கு, உன் கணக்கு வேறன்னான். அவனே தள்ளித் திறந்து கால் ஒண்ணை உள்ள வச்சான். தள்ளினேன்.”

கண்ணாத்தாள் சார்ஜன்ட் காலில் விழுந்தாள். “கட்டிக் கிடக்கிறவனையே காட்டுங்க, ஐயா. அவன் கூலிக்காரன். போனா யாரு கேப்பா?”

கதவுக்கு வெளியே கருப்பாயி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் காது இருந்தது.

“வேண்டாம் ஆச்சி. ஒருத்தரையும் காட்ட வேண்டாம். ஏணி வழுக்கிச்சு, ஆள் விழுந்தான்னு நான் சொன்னா அதுதான் நடந்தது.” சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வழுக்கையைத் தடவிக்கொண்டார். “நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். எனக்கும் வீட்டில ஆளில்லை. முறைப்படி தாலி கட்டிடறேன். போலீஸ்காரன் பெண்டாட்டியை எவனும் தொட மாட்டான். பொண்ணுக்கும் அது பாதுகாப்புத்தான்.”

செட்டியார் சாதியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார்ஜன்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செட்டியாரும் பார்த்தார். வாயை மூடினார். அன்றைக்கு இரண்டாவது தடவையாக, பேரமே இல்லை.

அழகம்மைதான் பேசினாள்.

“அவன் ஜன்னல்ல வந்து கேட்டான். நீங்க கதவு வழியா வந்து கேக்கிறீங்க. கேட்டது ஒண்ணுதான்.”

“ஆமா,” என்றார் சார்ஜன்ட். “ஆனா என்னைத் தள்ளினா வெளியில கட்டியிருக்கிறவன் தலை போகும்.”

அவள் வெளியே பார்த்தாள். கருப்பாயி புருஷனின் கட்டுண்ட காலைப் பிடித்துக்கொண்டு அழகம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. பார்வை மட்டும்தான்.

“அவிழ்த்து விடுங்க,” என்றாள் அழகம்மை.

நான்கு மணிக்குத் தெரு முழுக்கக் குனிந்து வரிசையில் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. நாலரைக்குக் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று சேற்றை வாரியடித்துக்கொண்டு பறந்தது. நிற்கவில்லை. வெளுத்த சுவர்கள் எல்லாம் இடுப்பளவு சேறு. ஊர் சிரிக்கவும் பயந்து உள்ளே போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கல்யாணம். மஞ்சளுக்குக் குறைவில்லை, ஊரில் அன்று அது ஒன்றுதான் தாராளமாகக் கிடைத்தது. பெண் காவல் நிலையத்துப் பின்கட்டுக்குக் குடிபோனாள். போன அன்றைக்கே வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள். தாடையளவு பாசி.

“ஊரெல்லாம் ஒரு வாரம் தேய்ச்சுது. உங்க சுவரை மட்டும் ஏன் கழுவலை?”

ஐயாசாமி சிரித்தாராம். அவள் சிரிக்கவில்லை.

“கார் நிக்காதுன்னு உங்களுக்கு முந்தியே தெரியும்.”

தந்திக் கம்பி வழியாகச் செய்தி ஊர் தேய்க்கத் தொடங்கிய நாளே வந்துவிட்டது என்று, காவல் நிலையத்தில் தேநீர் போடும் ஆள் பிற்பாடு எதிர்க்கடையில் சொன்னான். தெருவில் அத்தனை பேரும் தினம் அந்தக் கறுப்புச் சுவரைக் கடந்துதான் போனோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாடி அறைக்குள்ளேயே கிடந்தவளுக்குத்தான் உறைத்தது. ஒரு கல்யாணம் தாமதமாக.

மறு வருஷம் ஜப்பான் சரணடைந்தது. காட்டிலிருந்து ஜப்பானை எதிர்த்துச் சண்டை போட்ட ஆட்கள் துப்பாக்கியோடு இறங்கி, ஜப்பான்காரனுக்கு வேலை பார்த்த போலீஸ்காரர்களைத் தேடினார்கள். ஐயாசாமி மாமியார் வீட்டுக்கு ஓடினார். ஒளிந்துகொள்ள அந்த வீட்டில் தோதான அறை இருப்பது அவருக்குத் தெரியாதா? ஏறி, பூட்டச் சொன்னார்.

வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். முறையாகத்தான் தட்டினார்கள். அழகம்மை திறந்தாள்.

“மாடியில,” என்று சாவியை நீட்டினாள்.

உலகப்பச் செட்டியார் முதல் கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்து, தங்கை மகள் சண்டையில் செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். கண்ணாத்தாள் அந்த வீட்டிலேயே தங்கினாள். இரண்டு மழைக்காலத்தில் சுவர் பழையபடி கறுத்தது. சின்னத்தம்பியும் கருப்பாயியும் பெக்கோக் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே பிறந்த பெண் குழந்தைக்கு அழகம்மை என்று பேர் வைத்தார்கள். பெரிய அழகம்மை வெள்ளையம்மாவைக் கூட்டிக்கொண்டு செனாய்க்குக் குடிபோய், சந்தையில் கடை போட்டாள். மறுபடி கல்யாணம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் நிற்க வைத்தே திருப்பி அனுப்பினாள். அவள் கடையில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். மஞ்சள் மட்டும் விற்கமாட்டாள்.